கூடி ஓயும் நாள்: செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத்தில் வேலை நேரமும் வீட்டு நேரமும்

1. பொருளும் எல்லையும்

வேலைக்கும் சொந்த வாழ்வுக்கும் இடையே சமநிலை காணச் சொல்லித்தரும் நூல்கள் பெரும்பாலும் ஒற்றை ஆளை நோக்கியே பேசுகின்றன. விடியலில் எழுந்திரு, நடைப்பயிற்சி செய், இரவில் கைபேசியைத் தள்ளிவை, முடியாது என்று சொல்லப் பழகு. அறிவுரையில் பிழையில்லை. ஆனால் மறைமலைநகரில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் தூங்கி விழுந்தபடி மதுராந்தகம் பக்கத்து ஊருக்குத் திரும்பும் இளைஞர் விடியலில்தான் படுக்கப் போகிறார். மாமல்லபுரத்து விடுதியில் அறை துடைக்கும் பெண்ணுக்கு ஞாயிறுதான் வாரத்திலேயே வேலை மிகுந்த நாள். இவர்களிடம் மன உறுதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இவர்களுடைய நேரத்தை வகுப்பவர்கள் வேறு யாரோ.

ஓய்வு எத்தனை மணி நேரம் என்ற கேள்வியோடு, அது யாரோடு சேர்ந்து கிடைக்கிறது என்றும் கேட்டால் என்ன தெரியவரும் என்பதே இக்கட்டுரையின் தேடல். என் முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் ஓய்வு நிலைத்து நின்ற இடங்களிலெல்லாம், ஊரோ தொழில் கூட்டமோ சேர்ந்து வேலையை நிறுத்தும் ஏற்பாடு ஒன்று இருந்திருக்கிறது. ஆளுக்கொரு நாள் என்று பிரித்துக் கொடுத்த இடங்களில், மணிக்கணக்கு மாறாவிட்டாலும் வீட்டார் ஒன்றாக இருக்கும் நேரம் கரைந்திருக்கிறது.

களம் செங்கல்பட்டு மாவட்டம். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஜி.எஸ்.டி. சாலையில் வாகனத் தொழிற்சாலைகளும் மகிந்திரா வேர்ல்டு சிட்டியும், பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட்டும், கரையில் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மீனவக் குப்பங்களும், மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகளும், கல்பாக்கத்தில் அணுமின் நிலையமும் இருக்கின்றன. வேலை நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வாகான நிலப்பகுதி தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

2. ஞாயிறு சட்டத்துக்குள் வந்த கதை

1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் வயது வந்த ஆண்களை நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தபோதும், அதே ஆவணத்தின் 10ஆம் விதி பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி என்று எழுதி வைத்தது. வெப்பநாட்டு உடம்பு கூடுதலாக உழைக்கும் என்று நினைத்தார்கள் போலும். 1922இல் 60, 1934இல் 54 என்று இறங்கி, அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தின் முயற்சியால் 1946 திருத்தத்தில்தான் 48 வந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதை நிலைநிறுத்தியது.

சென்னையின் பங்கும் இதில் உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, மதிய உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது பின்னி ஆலைத் தொழிலாளர்களின் முதல் குறைகளில் ஒன்று. கூலிக்கு இணையாக, உட்கார்ந்து சோறு உண்ணும் நேரத்தையும் கேட்டார்கள். மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வார விடுமுறையைத்தான். பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே ஞாயிறு விடுமுறை கேட்டுப் போராடி 1890இல் ஆலை முதலாளிகளை இணங்க வைத்தபோது, ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்குரிய நாள் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஏழு நாளில் ஏதோ ஒன்று அவருக்குப் போதவில்லை. எல்லோருக்கும் ஒரே நாள் வேண்டும் என்றார். 1948 சட்டத்தின் 52ஆம் பிரிவில் அந்தக் கோரிக்கை அப்படியே படிந்திருந்தது. வாரத்தின் முதல் நாளில் வேலை வாங்கக் கூடாது என்பது அதன் விதி. சனி நள்ளிரவில் வாரம் தொடங்குவதாகச் சட்டமே சொன்னதால் முதல் நாள் ஞாயிறு ஆனது. அன்று வேலை வாங்கியே தீர வேண்டுமென்றால் முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் மாற்று விடுமுறை தர வேண்டியிருந்தது. ஞாயிறு விதி, மற்ற நாள் விலக்கு.

2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் இந்த வரிசை இல்லை. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று மட்டும் அது சொல்கிறது. எந்த ஆறு நாள் என்று சொல்லவில்லை. இச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. எட்டு மணி நேரமும் 48 மணி நேரமும் அப்படியே இருக்கின்றன என்று ஆறுதல் சொன்னவர்கள் ஞாயிறு கழன்று விழுந்ததைக் கவனிக்கவில்லை.

3. பத்து நாள் ஆயுள் கொண்ட மசோதா

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைகள் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 65அ என்ற புதிய பிரிவின்படி, அரசு விரும்பும் தொழிற்சாலைகளுக்கு வேலை நேரம், வார விடுமுறை, மிகைநேரக் கூலி பற்றிய பிரிவுகளிலிருந்து விலக்குத் தரலாம். ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஏப்ரல் 24இல் தொழிற்சங்கங்களோடு பேசியபின் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதை நிறுத்தி வைத்தார். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

மசோதாவை ஆதரித்தோர் சொன்ன கணக்கு எளிமையானது: நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு நான்கு நாள், மொத்தம் அதே 48, மீதி மூன்று நாள் ஓய்வு. காகிதத்தில் இது தொழிலாளிக்கு லாபம்போலத் தெரியும். ஆனால் இந்தப் பகுதியில் தொழிற்சாலைக்கு ஆள் வருவது சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைத்துக்கொண்டால் 12 மணி நேர ஷிப்ட் 15 மணி நேரம் ஆகிவிடும். ஏழு மணி நேரம் தூங்கினால் மிச்சம் இரண்டு. குளிக்க, சாப்பிட, பிள்ளையின் முகம் பார்க்க. மூன்று நாள் ஓய்வோ பள்ளி நடக்கும் செவ்வாய், புதன், வியாழனாக அமைந்தால் வீட்டில் யாரோடு இருப்பது? உடம்பின் பக்கமிருந்தும் ஒரு கணக்கு இருக்கிறது. வாரத்தில் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரோடு ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு அது.

4. ஷிப்ட், ஓ.டி., வீக் ஆஃப்

ஜி.எஸ்.டி. சாலைத் தொழிற்சாலைகளில் ஒரு சங்கடமான உண்மையை ஆய்வாளர் விழுங்கித்தான் ஆக வேண்டும். ஓ.டி. வேண்டாம் என்று தொழிலாளி சொல்வதைவிட, ஓ.டி. வேண்டும் என்று கேட்பதே அதிகம். மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். அடிப்படைச் சம்பளம் வாடகைக்கும் தவணைக்கும் போய்விட்டால், வீட்டுக்கு அனுப்பும் பணம் ஓ.டி.யில்தான் கிடைக்கும். காண்ட்ராக்ட் ஆளுக்கோ ஓ.டி.யை மறுத்தால் அடுத்த மாதம் கேட்டுக்குள் விடுவார்களா என்ற பயமும் சேர்கிறது. நிரந்தரத் தொழிலாளியும் பயமின்றி இருந்துவிட முடியாது என்பதை மறைமலைநகர் ஃபோர்டு ஆலை காட்டியது. 1990களின் பிற்பகுதியில் அந்த ஊருக்கே அடையாளமான ஆலை. 2021 செப்டம்பர் 9 அன்று மூடும் முடிவை அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. ஏற்றுமதிக்காகத் திரும்பி வர விரும்புவதாக 2024இல் நிறுவனம் அரசுக்குக் கடிதம் கொடுத்தது வேறு கதை. ஆலை மூடுவதைக் கண்ணால் பார்த்த ஊரில், வேலையைக் கொஞ்சம் தள்ளி வை என்று யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஓய்வு ‘வீக் ஆஃப்’ ஆக வருகிறது. ஒரு வாரம் திங்கள், மறுவாரம் வெள்ளி. கணவனுக்கு ஒரு கம்பெனியில் செகண்ட் ஷிப்ட், மனைவிக்கு இன்னொரு கம்பெனியில் ஜெனரல் ஷிப்ட் என்றால், இருவரும் சட்டப்படி முழு ஓய்வு பெற்றபடியே மாதக்கணக்கில் சேர்ந்து ஒரு வேளை உண்ணாமல் இருக்கலாம். எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. ஆகவே எந்தத் தொழிற்சாலை ஆய்வாளரும் வந்து எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

ஷிப்டே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. கல்பாக்கம் அணுமின் நிலையம் 1983 முதல் இயங்குகிறது. அணு உலையை ஞாயிறு என்று நிறுத்த முடியாது. ஆனால் ஊழியர் குடியிருப்பு கல்பாக்கத்திலும் அணுபுரத்திலும் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. பள்ளியும் மருத்துவமனையும் உள்ளேயே உண்டு. நிலையம் வீட்டைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டதால் ஷிப்ட் தின்னும் நேரம் ஷிப்டின் நேரமாகவே நிற்கிறது; பயணம் அதன்மேல் ஏறுவதில்லை. அரசு நிறுவனத்துக்கு முடிந்தது ஒப்பந்ததாரர் வழியே ஆள் எடுக்கும் ஆலைக்கு முடியுமா என்றால், இன்றைய ஏற்பாட்டில் முடியாது.

5. மணி இல்லாத வேலை

கணினித் துறையைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டதால் சுருக்கமாகக் கடக்கிறேன். இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சொன்ன நாராயண மூர்த்தி நிறுவிய இன்ஃபோசிஸின் பெரிய வளாகமொன்று மகிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் இருக்கிறது. 2025 சனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் மனைவியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். நாடு சிரித்தது. என் பார்வையில் அது சிரித்துக் கடக்கும் பேச்சில்லை. வீட்டில் செய்வதற்கு வேலையே இல்லை என்று உண்மையாக நம்பும் ஒரு தலைமுறை ஆண்களின் வாக்குமூலம்.

தொழில் தகராறுச் சட்டமும் தொழிற்சங்கச் சட்டமும் ஐ.டி. நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. ஆனாலும் அமெரிக்காவில் விடியும்போது இங்கே கால் வரும். ரிலீஸ் வாரத்தில் சனிக்கிழமை இருக்காது. பிரான்சு 2017 முதல், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தில் வைத்திருக்கிறது. இங்கே 2018இல் சுப்ரியா சுலே மக்களவையில் அப்படியொரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. இத்துறைக்குக் கிடைத்திருக்கும் பெரிய வரம், சனியும் ஞாயிறும் பெரும்பாலோருக்குப் பொதுவாக இருப்பது. அந்த இரண்டு நாளில் அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது 7ஆம் பகுதிக்குரியது.

6. கடல் நிறுத்தும் நாள்

கோவளத்திலோ தேவனேரியிலோ கடலுக்குப் போவதைத் ‘தொழிலுக்குப் போவது’ என்பார்கள். அந்தத் தொழிலுக்கு மேலாளர் காற்று. இருட்டோடு போய்க் காலையில் கரை சேர்ந்து, ஏலம் முடிந்து, வலையைச் சரிபார்த்துவிட்டால் பகல் தன்னுடையது. காற்று அடித்தால் ஊர் முழுக்கக் கரையில் இருக்கும். கடல் கொடுக்காத நாளில் கடனும் வளரும் என்பதால் இதை நான் இன்பமயமாக்க மாட்டேன். ஆனால் அந்த நிறுத்தம் எல்லோருக்கும் ஒரே நாளில் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

காற்று நிறுத்தாத நாளை ஊர் நிறுத்தும். சோழமண்டலக் கரையில் மீனவர் பஞ்சாயத்துகளை ஆராய்ந்த டச்சு அறிஞர் மார்ட்டன் பாவிங்க், அரசுச் சட்டத்துக்கு இணையாக ஊர்க்கட்டுப்பாடு கடலில் செல்லுபடியாவதை 2001இல் நூலாகவே எழுதினார். ஊரில் சாவு விழுந்தால் யாரும் கடலுக்குப் போவதில்லை. கோயில் திருவிழாவுக்கும் அப்படியே. மீறிப் போனவர் தண்டம் கட்ட வேண்டும். இதன் பொருளாதாரம் நுட்பமானது. ஒருவர் மட்டும் ஓய்ந்தால் அன்றைய மீன் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகும். ஆகவே ஒருவரும் ஓய மாட்டார்கள். எல்லோரும் ஓய்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஐ.டி. பூங்காவில் மாலை ஆறு மணிக்கு முதலில் எழுந்து போகத் தயங்குகிறவர் மாட்டிக்கொண்டிருப்பதும் இதே சிக்கலில்தான். குப்பத்தில் அதைத் தீர்க்கப் பஞ்சாயத்து இருக்கிறது.

அரசும் இதே வழியில் போயிருக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழான விதிகள், விசைப்படகுகள் காலை 5 மணிக்கு முன் புறப்படக் கூடாது, இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும், கரைக்கு அருகே மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் மூண்ட மோதலைத் தணிக்க நேரத்தையே வேலியாகப் போட்டார்கள். எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்று கரையில் கேட்டால் சிரிப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் (2017க்கு முன் 45) மட்டும் ஓரளவு கண்டிப்பாக நிற்கிறது. எல்லா விசைப்படகும் ஒரே தேதியில் நிற்பதும், நிவாரணம் கொடுப்பதும் காரணம். 5,000 ரூபாயாக இருந்த நிவாரணம் 8,000 ஆனது. 61 நாளுக்கு 8,000 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 131 ரூபாய். ஓய்வு என்று இதற்குப் பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

7. பிறர் ஞாயிறில் வேலை

மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக்கலைப் பயிற்சி நடக்கிறது. ஊரின் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறை பெரும்பாலும் சாலையோரக் கொட்டகை; பல இடங்களில் வீடும் அதை ஒட்டியே இருக்கும். வேலைக்கும் வீட்டுக்கும் சுவர் இல்லை என்பதை நல்லதாகவே பாராட்டும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் உளியிருந்த இடத்துக்கு கட்டரும் கிரைண்டரும் வந்தபின், கருங்கல் தூளின் சிலிக்கா நுரையீரலுக்குப் போகிறது. சுவர் இல்லாத வீட்டில் அது பிள்ளைகளின் மூக்குக்கும் போகும். கம்மாளர் வேலைகளிலும் நெசவிலும் அமாவாசைக்கு வேலை நிறுத்துவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். முதலாளி தந்த விடுப்பாக அதை யாரும் எண்ணுவதில்லை. தொழிலே ஓயும் நாள் அது. ஆர்டர் தேதி வைத்து வேலை வாங்கும் வியாபாரம் அந்த நாளை அரித்துக்கொண்டிருக்கிறது.

சுற்றுலாவில் நிலைமை தலைகீழ். சனி, ஞாயிறு, காணும் பொங்கல், கோடை விடுமுறை என நகரம் ஓயும் ஒவ்வொரு நாளும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உச்சவேலை நாள். சிறுசேரியில் வாரமெல்லாம் உழைத்தவர் மனம் ஆற வரும் விடுதியில், அறை துடைப்பவரும் சமைப்பவரும் கார் நிறுத்தக் கைகாட்டுபவரும் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத நாளில் பள்ளி இல்லாத பிறர் பிள்ளைகளுக்குப் பணிவிடை செய்கிறார்கள். கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கும் மீனவ இளைஞர்களுக்கும் வார இறுதிதான் பிழைப்பு. ஒரு வகுப்பாரின் சமநிலைக்கு இன்னொரு வகுப்பார் தங்கள் ஞாயிறைக் கொடுக்கிறார்கள்.

இதற்குச் சட்ட வடிவமும் உண்டு. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி கடையே வாரம் ஒரு நாள் மூடியிருக்க வேண்டும். 2019 மே 28 அரசாணை பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை ஆண்டு முழுதும் 24 மணி நேரமும் திறக்க அனுமதித்தது. ஊழியருக்குச் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. கடை மூடும் நாள் போய் ஆள் மாறும் நாள் வந்தது.

8. மாசி மகம்

ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு வட தமிழ்நாட்டு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். சேலைத் துணியாலும் கழியாலும் குடில் போட்டு மணலிலேயே தங்கி, கடலோரம் கன்னியம்மனுக்கு மணலில் படி அமைத்துக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பதும் திருமணம் முடிப்பதும் மொட்டை போடுவதும் அங்கேயே நடக்கின்றன.

1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும் வட மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மீட்கப்பட்டோரில் இருளர்கள் பெரும்பங்கு. மாசி மாதம் சூளை வேலை மும்முரமான பருவம். அப்போதும் குடும்பம் குடும்பமாக வந்து சேர்கிறார்கள். தனி ஆள் தனி விடுப்புக் கேட்டால் முன்பணக் கணக்கைக் காட்டி மறுத்துவிடலாம். ஓர் இனமே கடற்கரைக்குக் கிளம்பும் நாளில் மறுப்பது கடினம். வேலை நேரச் சட்டங்களின் நிழலே படாத மக்களிடம் பொது நாள் இத்தனை உறுதியாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

9. வீட்டுக்குள் கணக்கு

இதுவரை ‘வீட்டு நேரம்’ என்று எழுதியதையெல்லாம் ஓய்வு நேரம் என்று படித்தவர் ஆணாக இருக்கக்கூடும். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 2019இல் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடமாகியிருக்கிறது.

இந்த இடைவெளியில் கை வைத்த அரசுத் திட்டங்கள் எவை என்று பார்த்தால், பேச்சில் சமநிலை என்ற சொல்லே இல்லாதவைதான் முன்னே நிற்கின்றன. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்ட் 25இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்த காலை உணவுத் திட்டம் குழந்தையின் பசிக்காக வந்தது. ஆறு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் தாயின் அடுப்பு நேரத்தையும் குறைத்தது. தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் உள்ள தோழி விடுதிகள் வேலைக்குப் போகும் பெண்ணின் தினப் பயணத்தை வெட்டின. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017 மகப்பேறு திருத்தச் சட்டம் சொன்னதையும் இதோடு சேர்க்கலாம். காப்பகத்தை நைட் ஷிப்டிலும் திறந்து வைத்தால்.

10. விதி எழுதுவோருக்கு

புதிய தொகுப்புச் சட்டத்தின்கீழ் மாநில விதிகள் வகுக்கும் அதிகாரம் சென்னையில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்தைப் பத்து நாளில் திரும்பப் பெற வைத்த தொழிற்சங்கங்கள், ‘சுழற்சி முறை’ என்ற சொல்லை இதுவரை சும்மா விட்டிருக்கின்றன. எல்லா ஆலையும் எல்லா விடுதியும் ஞாயிறு மூட வேண்டும் என்று கேட்பது நடவாத காரியம். சுழற்சி விடுமுறை தரும் எந்த நிறுவனமும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், காண்ட்ராக்ட் ஆள் உட்பட, மாதத்தில் இரண்டு ஞாயிறாவது தர வேண்டும், கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் இருவருக்கும் அதே நாளாக இருக்க வேண்டும் என்று ஒரு வாசகம் சேர்க்கலாம். ஷிப்ட் பட்டியலை ஒரு மாதம் முன்னதாக ஒட்ட வேண்டும் என்று இன்னொரு வாசகம். நிறுவனங்களுக்கு இதனால் பெரிய செலவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்துத் தொழிற்சங்கங்கள் அடுத்த முறை கூலிப் பேச்சுக்கு உட்காரும்போது இந்த இரண்டையும் கோரிக்கைப் பட்டியலில் முதலில் வைக்க வேண்டும்.